ஓட்டுநர் உரிமம் சலுகையா?

"வண்டி ஓட்டுறது உன் உரிமை இல்ல தம்பி, கவர்மென்ட் குடுத்திருக்கிற சலுகை."

இந்த வசனத்தை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். டிரைவிங் ஸ்கூலில் சொல்வார்கள். டிவி விவாதத்தில் ரிட்டயர்டான அதிகாரி யாராவது சொல்வார். நடுரோட்டில் போலீஸ்காரர் கொஞ்சம் வேறு வார்த்தைகளில் சொல்வார். அமெரிக்காவில் இது ரொம்பப் பழைய வசனம். அங்கே பல மாநிலங்கள் கொடுக்கும் ஓட்டுநர் கையேட்டிலேயே இதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாலு பேர் உயிருக்கு ஆபத்தான ஒரு இயந்திரத்தை ரோட்டில் ஓட்ட யாருக்குப் பிறப்புரிமை இருக்க முடியும்?

ஆனால் எனக்கு இந்த வசனம் ஒத்துவரவில்லை. சட்டப்படியும் அது சரியில்லை. வெறும் வார்த்தைப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டோரத்தில் பாதி அநியாயம் நடக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சலுகை என்றால் என்ன என்று பார்ப்போம். மூத்த குடிமக்களுக்கு ரயில் கட்டணத்தில் தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி அதை நிறுத்தினார்கள். ரயில்கள் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் தள்ளுபடி வரவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டார்கள். இது அரசின் கொள்கை முடிவு, நாங்கள் உத்தரவு போட முடியாது என்று 2023 ஏப்ரலில் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அதுதான் சலுகை. கொடுத்தவர் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க முடியாது.

டிரைவிங் லைசென்ஸ் அப்படியா? 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். (பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். பிசினஸ் லா பேப்பரில் சட்டம் படித்துப் பழகிவிட்டது, மற்ற சட்டங்களும் அதே மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள்.) 3ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் பொது இடத்தில் யாரும் ஓட்டக்கூடாது என்கிறது. சரி. ஆனால் 9ஆம் பிரிவு, டெஸ்டில் பாஸானவருக்கு லைசென்ஸ் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. 'கொடுக்கலாம்' என்று இல்லை. மறுத்தால் என்ன காரணம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், 30 நாளைக்குள் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம் என்பது 17ஆம் பிரிவு. கொடுத்த லைசென்ஸைத் தடை செய்வதாக இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் செய்யலாம் என்பது 19ஆம் பிரிவு. எழுத்தில் காரணம், மேல்முறையீடு, நம் தரப்பைக் கேட்பது, இத்தனையும் சேர்ந்து வருவதை யாராவது சலுகை என்று சொல்வார்களா?

நம் சட்டத்தில் நிஜமாகவே 'அரசு மனசு வைத்தால்தான்' என்ற வகையில் வரும் லைசென்ஸ் ஒன்று இருக்கிறது. சாராய வியாபாரம்! மது விற்பது யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது, அது அரசிடம் இருக்கும் தனிச் சலுகை, அரசு விரும்பினால் விலைக்குக் கொடுக்கலாம் என்று 1975ல் ஹர் சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2003லிருந்து சில்லறைக் கடை நடத்தும் சலுகையை யாருக்கும் கொடுக்காமல் அரசே வைத்துக்கொண்டு டாஸ்மாக் நடத்துகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. பால்காரரின் பைக் லைசென்ஸையும் பிராந்திக் கடை லைசென்ஸையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு உதாரணமும் உண்டு. பாஸ்போர்ட். ஒரு காலத்தில் பாஸ்போர்ட் என்பது அரசு இஷ்டப்பட்டால் கொடுப்பது, இஷ்டப்பட்டால் திரும்ப வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தது. அதற்கென்று ஒழுங்கான சட்டம்கூட இல்லை. 1967ல் சத்வந்த் சிங் சாஹ்னி என்பவர் தன் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டார். வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடக்கம், சட்டம் இல்லாமல் அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வருடமே பாஸ்போர்ட் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பாஸ்போர்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களா என்ன? விதிகள் இருக்கின்றன, விசாரணை இருக்கிறது, மறுக்கவும் செய்கிறார்கள். இஷ்டத்துக்கு மறுக்க முடியாது, அவ்வளவுதான். நான் வண்டி விஷயத்தில் கேட்பதும் இதுதான்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. லைசென்ஸுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'உரிமம்'. உரிமை என்ற சொல்லின் சொந்தக்காரச் சொல். யார் இந்தப் பெயரை வைத்தாரோ, அவர் கைக்குச் சர்க்கரைதான் போட வேண்டும். :-)

இதற்காக, "ரோடு எல்லாருக்கும் பொது, லைசென்ஸ் எதற்கு" என்று கேட்கும் ஆள் நான் இல்லை. அப்படிக் கேட்கும் ஒரு கூட்டமும் அமெரிக்காவில் இருக்கிறது. போலீஸ் நிறுத்தினால் "நான் வண்டி ஓட்டவில்லை, பயணம் செய்கிறேன், பயணம் என் உரிமை" என்று வாதாடுவார்கள். யூடியூபில் பாருங்கள், நல்ல காமெடி. கோர்ட்டில் ஒருமுறைகூட எடுபடுவதில்லை. ரோட்டில் நடப்பதைப் பார்த்தால் எடுபடவும் கூடாது. 2022ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் நாடு முழுக்க 50,029 பேர். நம் காலேஜில் எல்லா டிபார்ட்மென்ட்டையும் கூட்டினாலும் அந்த எண்ணில் பத்தில் ஒரு பங்கு வராது. அதனால் டெஸ்ட் வேண்டும், விதி வேண்டும், மீறினால் தண்டனை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சலுகை என்று பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கண்டிப்பு காட்ட வேண்டிய முதல் இடம் லைசென்ஸ் கொடுக்கும் இடம். அங்கே என்ன நடக்கிறது? எல்.எல்.ஆர். வாங்குகிறோம், 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு போடுகிறோம், காலை ஊன்றாமல் போட்டால் பாஸ். நெடுஞ்சாலையில் லாரியை எப்படி ஓவர்டேக் செய்வது, மழையில் எப்படி பிரேக் பிடிப்பது, ராத்திரியில் எதிர் வண்டி ஹை பீமில் வந்தால் என்ன செய்வது என்று எவரும் பார்ப்பதில்லை. டிரைவிங் ஸ்கூல் மூலமாகப் போனால் எட்டுகூடச் சில பேருக்கு ஆறாகத்தான் வருகிறது என்று கேள்வி. வாசலைத் திறந்து போட்டுவிட்டு, உள்ளே வந்தவனை ரோட்டோரத்தில் நிறுத்தி "இது சலுகைடா" என்று பாடம் எடுப்பதில் என்ன பிரயோஜனம்?

இப்போது ரோட்டோரத்துக்கு வருவோம்.

130ஆம் பிரிவின்படி யூனிஃபார்மில் இருக்கும் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். இதில் பேரம் கிடையாது. 2018 நவம்பரில் விதியைத் திருத்திய பிறகு டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருப்பதைப் போனில் காட்டினாலும் செல்லும். (அதற்கு முந்தைய வருடம்தான், 2017 செப்டம்பரில், அசல் லைசென்ஸ் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று நம் மாநிலத்தில் கட்டாயமாக்கினார்கள்.) லைசென்ஸைப் போலீஸ் எப்போது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது 206ஆம் பிரிவில் இருக்கிறது. அது போலி என்று நினைக்கக் காரணம் இருந்தால், ஆள் ஓடிவிடுவார் என்று தோன்றினால், குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், ஹெல்மெட் இல்லாதது போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் சிக்கினால், எடுக்கலாம். இதில் பின்னால் சொன்ன இரண்டு காரணங்களுக்காக எடுத்தால் ஒரு தற்காலிக ரசீது கொடுத்தே ஆக வேண்டும். ஆள் ஓடிவிடுவார் என்று நினைத்து எடுத்திருந்தால், அந்த ரசீதை வைத்துக்கொண்டு லைசென்ஸ் திரும்ப வரும்வரை நீங்கள் வண்டி ஓட்டலாம்! சட்டம் இதை எவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறது பாருங்கள். போலீஸ்காரர் கை வைத்ததாலேயே ஒருவன் ஓட்டும் உரிமை போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ரசீது.

எடுத்த லைசென்ஸைத் தானே சஸ்பெண்ட் செய்யவும் போலீஸுக்கு அதிகாரம் கிடையாது. லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், அவர் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். வேகமாகப் போனதற்காகப் போக்குவரத்துப் போலீஸே ஒரு பெண்ணின் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்த வழக்கில் 2022ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

நடைமுறை என்ன? எங்கள் கிளாஸில் ஒருவன் சாயங்காலம் சாப்பாடு டெலிவரி செய்துதான் செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறான். வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. நிறுத்தினார்கள். அவன் மேல் தப்புதான், 2,000 ரூபாய் அபராதம், அதில் விவாதமே இல்லை. ஆனால் கையில் பணம் இல்லை என்றதும் லைசென்ஸ் கார்டை வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து பாரு" என்று அனுப்பிவிட்டார்கள். இவன் மெதுவாக, "ரசீது சார்..." என்றிருக்கிறான். "சட்டம் பேசுறியா?" என்று பதில். மறுநாள் போனால் சார் பந்தோபஸ்து டூட்டியில் இருக்கிறார். அதற்கு மறுநாள் கோர்ட். மூன்றாம் நாள் கிடைத்தது. மூன்று சாயங்கால வருமானம் போச்சு. அபராதம் 2,000 என்று சட்டம் சொல்கிறது. அவன் கட்டியது அதைவிட அதிகம், அந்த அதிகத்துக்கு ரசீதும் கிடையாது.

எக்கனாமிக்ஸ் வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது. ரெண்டு கார் வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் மூன்று நாள் போனால் டிரைவர் ஓட்டுவார். மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கும், கடைசி பஸ் ஒன்பது மணிக்கே போய்விடும் கிராமத்திலிருந்து ஷிப்டுக்குப் போகிறவருக்கும் அது மூன்று நாள் சோறு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971லேயே இதைப் பார்த்துவிட்டது. ஜார்ஜியாவில் ஒரு பாதிரியார், காரில் போய்த்தான் மூன்று கிராமங்களில் ஊழியம் செய்துவந்தார். ஒரு விபத்தில் மாட்டினார். தப்பு யார் மேல் என்று விசாரிக்காமலேயே அவர் லைசென்ஸை நிறுத்தி வைக்க மாநிலச் சட்டம் வழி வைத்திருந்தது. ஒருமுறை கொடுத்துவிட்டால் லைசென்ஸ் ஒருவரின் பிழைப்போடு சேர்ந்துவிடுகிறது, விசாரணை இல்லாமல் எடுக்க முடியாது, உரிமை என்று சொல்கிறாயா சலுகை என்று சொல்கிறாயா என்பது இங்கே கணக்கில்லை என்று தீர்ப்பு வந்தது. பெல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். 'சலுகை' வசனம் பிரபலமாக இருக்கும் நாட்டிலேயே கதை இப்படி.

அதே நாட்டில் 1979ல் இன்னொரு வழக்கு. டெலவேர் மாநிலத்தில் ஒரு போலீஸ்காரர் எந்தத் தப்பும் செய்யாத காரை, சும்மா லைசென்ஸ் பார்க்கலாம் என்று நிறுத்தினார். காருக்குள் கஞ்சா இருந்தது. இருந்தும் நீதிமன்றம் போலீஸ் பக்கம் நிற்கவில்லை. காரணமே இல்லாமல் ஒரு வண்டியை மட்டும் பொறுக்கி நிறுத்தக்கூடாது என்றார்கள். ஆனால் 1990ல் மிச்சிகனில், குடித்தவர்களைப் பிடிக்க ஒரு இடத்தில் தடுப்பு போட்டு வருகிற வண்டியை எல்லாம் வரிசையாக நிறுத்துவது செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாரையும் நிறுத்து, நானும் நிற்கிறேன். என்னை மட்டும் நிறுத்தினால் ஏன் என்று சொல்.

நம் சட்டத்தில் அந்தக் காரணம் கேட்கும் வேலையே இல்லை. அதனால் பொறுக்குவது முழுக்க அந்தப் போலீஸ்காரர் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண் யார் மேல் விழுகிறது என்று ஒரு அரைமணி நேரம் ஏதாவது சிக்னல் பக்கம் டீக்கடையில் நின்று பாருங்கள். பழைய பைக், லுங்கி கட்டியவர், பின்னால் மூட்டை, காலேஜ் பசங்க, இவர்கள் நிற்பார்கள். கட்சிக் கொடி கட்டிய கார், கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'போலீஸ்', 'பிரஸ்', 'வழக்கறிஞர்' என்று ஒட்டிய கார் போய்க்கொண்டே இருக்கும். இது என் கற்பனை என்றால், 2024 மே 2 முதல் அந்த ஸ்டிக்கர்களுக்கு அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸே அறிவிக்க வேண்டிய அவசியம் என்ன?

போலீஸ் பக்கம் பேச ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் புகையைக் குடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது லேசான வேலை இல்லை. நம் பசங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூன்று பேர் ஏறிக்கொண்டு, சைலன்சரைக் கழற்றி மாற்றி, தடுப்பைப் பார்த்ததும் யூ டர்ன் அடித்து எதிர்த் திசையில் பறப்பவர்களை எனக்கும் தெரியும். அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவரின் வேலையை எதை வைத்து அளக்கிறீர்களோ அதைத்தான் அவர் செய்வார். இதைச் சொல்ல மேனேஜ்மென்ட் புத்தகம் வேண்டாம், எந்தக் கடை முதலாளியைக் கேட்டாலும் சொல்வார். எத்தனை கேஸ் போட்டாய் என்று கேட்டால், கேஸ் சுலபமாகக் கிடைக்கும் இடத்தில்தான் நிற்பார்கள். மேம்பாலம் இறங்கும் வளைவில், காலை ஒன்பது மணிக்கு, ஆபீஸ் அவசரத்தில் இருப்பவர்களைப் பிடிக்க. ராத்திரி இரண்டு மணிக்கு லாரி தூங்கி வழியும் நெடுஞ்சாலையில் விபத்து அதிகம், கேஸ் கம்மி. இத்தனை மாதத்தில் இந்த ரோட்டில் எத்தனை சாவு குறைந்தது என்று கேட்டால் நிற்கும் இடம் மாறும்.

இதையெல்லாம் சும்மா சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் 2018 மார்ச் 7ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து திருச்சிக்கு பைக்கில் வந்த கணவன் மனைவி. துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனை. வண்டி நிற்காமல் போனது. ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் ஓடுகிற பைக்கை எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி விழுந்து இறந்துபோனார். ஆயிரக்கணக்கான மக்கள் அன்று ராத்திரி நெடுஞ்சாலையை மறித்தார்கள். இன்ஸ்பெக்டரைக் கைது செய்தார்கள். அன்றைய சட்டப்படி ஹெல்மெட் இல்லாததற்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 100 ரூபாய்.

வண்டி எண் பின்னால் எழுதியிருக்கிறது. குறித்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். 100 ரூபாய்க்காக ஒரு அதிகாரி துரத்துகிறார் என்றால் அவர் துரத்துவது அந்த 100 ரூபாயை இல்லை. 'நான் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போகிறாயா' என்கிற கோபம். நான் கொடுத்த சலுகையில் ஓட்டுகிறவன், எனக்கு நிற்காமல் போகிறான் என்கிற நினைப்பு. வார்த்தையை மாற்றினால் மனுஷன் மாறிவிடுவான் என்று நான் நம்பவில்லை. ஆனால் பயிற்சியிலேயே "எதிரில் இருப்பவன் சட்டப்படி பரீட்சை எழுதி வாங்கிய ஒன்றைக் கையில் வைத்திருக்கிறான், அதைத் தொட உனக்கு இத்தனை நிபந்தனை" என்று சொல்லிக் கொடுத்தால், சாவியைப் பிடுங்குவதும் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பதும் கொஞ்சமாவது குறையும். சாவியைப் பிடுங்கு என்று சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. லைசென்ஸ், பதிவு, பர்மிட் இல்லாத வண்டியையே நிறுத்தி வைக்க 207ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

இப்போதெல்லாம் கேமரா வந்துவிட்டது, நோட்டீஸ் போனுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் வந்த விதி, கேமராவில் பிடித்த குற்றத்துக்கு 15 நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது. கேமராவுக்குக் கோபம் வராது, லுங்கியும் ஸ்டிக்கரும் தெரியாது என்பதால் எனக்கு அது பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது. தப்பான வண்டிக்கு நோட்டீஸ் வந்தால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்பது தனிக் கதை.

2019ல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதம் எல்லாம் பல மடங்கு ஏறியது. நம் மாநிலத்தில் அது 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 என்று எல்லாருக்கும் மனப்பாடம். அதே திருத்தத்தில் 210பி என்று ஒரு பிரிவும் வந்தது, அதை யாரும் போர்டில் எழுதி வைக்கவில்லை. இந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களே அதை மீறினால் அவர்களுக்கு அபராதம் இரண்டு மடங்கு. ஹெல்மெட் இல்லாமல் போகும் போலீஸ்காரருக்கு 2,000. அப்படிப் போட்ட ரசீது ஒன்றைக்கூட நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. யாரிடமாவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஃப்ரேம் போட்டு ஹாஸ்டல் ரூமில் மாட்டிக்கொள்கிறேன்.